வடிவமைப்பில் பயனர்களைச் சேர்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயலி, இணையதளம், இயந்திரம், படிவம், சேவை என்று எதை உருவாக்கும் குழுவுக்கும் இந்தப் பக்கம் பயன்படும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் முதன்முறையாகப் பயனர்களை அழைக்கப் போகிறவர்கள், ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, அமர்வை நடத்துவது ஆகிய இரண்டு பகுதிகளையும் விடாமல் படித்துவிடுங்கள். பெரும்பாலான முயற்சிகள் கெடுவது அந்த இரண்டு இடங்களில்தான்.

பயனர்களைச் சேர்த்துக்கொள்வது என்றால் சரியாக என்ன செய்வது?

மூன்று வேறு காரியங்களுக்கு இந்த ஒரே பெயர் வழங்குகிறது. பயனர் தன் வேலையைச் செய்யும் இடத்துக்கே போய், அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துத் தெரிந்துகொள்வது ஒன்று. நாம் வரைந்ததை அவர் கையில் கொடுத்து, எங்கே தடுக்குகிறார் என்று கவனிப்பது இன்னொன்று. எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்கும் மேசையிலேயே அவரையும் உட்கார வைப்பது மூன்றாவது.

முதல் இரண்டில் அவர் தகவல் தருகிறார், முடிவு நம் கையில் இருக்கிறது. மூன்றாவதில் முடிவையும் பங்குபோடுகிறோம். இந்த மூன்றாவது வழி 1970களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் வளர்ந்தது. தொழிற்சாலைக்குள் கணினி நுழைந்தபோது, தங்கள் வேலை எப்படி மாறும் என்பதில் தங்களுக்கும் பேச்சுரிமை வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். நார்வேயில் கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞர் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து இதற்கு வழி வகுத்தார்.

உங்கள் திட்டத்தில் மூன்றில் எது நடக்கப் போகிறது என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "உங்கள் கருத்தைக் கேட்போம், முடிவு எங்களுடையது" என்று சொல்வதில் தவறே இல்லை. கூட்டு முடிவு என்று சொல்லி அழைத்துவிட்டு, ஏற்கெனவே முடிவானதைக் காட்டிக் கைதட்டு வாங்குவதுதான் தவறு. அப்படி ஒருமுறை நடந்தால், அடுத்த அழைப்புக்கு யாரும் வரமாட்டார்கள்.

இதனால் என்ன பயன்? நல்ல வடிவமைப்பாளர் இருந்தால் போதாதா?

போதாது. வடிவமைப்பாளரின் திறமையில் குறை இல்லை. அவரிடம் இல்லாத ஓர் அறிவு பயனரிடம் இருக்கிறது. அதிலும் ஒரு பகுதியைப் பயனராலேயே வாயால் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் செய்த வேலை கைக்குப் பழகிவிடும். கேட்டால் "சாதாரணமாகத்தான் செய்கிறேன்" என்பார். பக்கத்தில் நின்று பார்த்தால், திரையின் ஓரத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டு தெரியும், ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதிக்கொள்வது தெரியும், ஒரு கட்டத்தில் எப்போதும் பொய்த் தேதி போட்டு நகர்வது தெரியும். அந்தத் துண்டுச் சீட்டு ஒவ்வொன்றும் அமைப்பில் விடுபட்டுப்போன ஒரு தேவை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 ரக விமானங்களில் ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கை மடல்களை மடக்க நினைத்த விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடும். விமானியின் பிழை என்றே பதிவானது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் பார்த்தார். இரண்டு கட்டுப்பாடுகளும் அடுத்தடுத்து, ஒரே மாதிரி இருந்தன. சக்கரக் கட்டுப்பாட்டின் முனையில் ஒரு சிறிய ரப்பர் சக்கரத்தையும், மடல் கட்டுப்பாட்டின் முனையில் ஆப்பு போன்ற ஒரு துண்டையும் பொருத்தச் சொன்னார். கையால் தொட்டாலே எது எது என்று தெரிந்துவிடும். பிழை ஆளிடம் இல்லை, அமைப்பில் இருந்தது என்பது வேலை நடக்கும் இடத்தைப் பார்த்ததால் தெரிந்தது.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி அமைப்பு ஒரு பாடம். 1992 அக்டோபர் 26 அன்று அது முழு வீச்சில் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வண்டியும் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல் பிசகில்லாமல் வரும் என்பதை நம்பியே அமைப்பு கட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் இருக்கும் ஊழியர் பட்டனை வரிசை மாற்றி அழுத்தலாம், ரேடியோ எட்டாத இடத்தில் இருக்கலாம். தகவல் பிசகியதும் எச்சரிக்கைச் செய்திகள் குவிந்தன, வண்டிகள் தவறாக அனுப்பப்பட்டன, மக்கள் திரும்பத் திரும்ப அழைத்தார்கள், பளு இன்னும் ஏறியது. 1993இல் வந்த விசாரணை அறிக்கை சுட்டிய காரணங்களில் ஒன்று, அமைப்பைப் பயன்படுத்த வேண்டிய ஊழியர்களின் பங்கும் நம்பிக்கையும் போதவில்லை என்பது. ஓடும் வண்டிக்குள் பட்டன் அழுத்துவது எப்படிப்பட்ட வேலை என்பதை அந்த ஊழியர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும்.

நாங்களும் இதைப் பயன்படுத்துகிறவர்கள்தானே? எங்களுக்கே தெரியாதா?

கட்டியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அந்த அறிவை மறந்துவிட்டுப் புதிதாக வருபவரைப்போலப் பார்ப்பது யாராலும் ஆகாத காரியம். "சராசரிப் பயனரை மனத்தில் வைத்துக்கொண்டோம்" என்பதும் உதவாது. 1950 வாக்கில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். உயரம், மார்பளவு, கை நீளம் முதலான 10 அளவுகளிலும் சராசரிக்கு அருகில் வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. சராசரி ஆளுக்கென்று செய்த இருக்கை யாருக்கும் பொருந்தாத இருக்கை. பழக்கங்களும் மொழித்திறனும் பொறுமையும் அப்படித்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

எந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டும்?

அழித்து எழுத மனம் வரும் கட்டத்தில். ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985இல் மூன்று கொள்கைகளை எழுதினார்கள்: தொடக்கத்திலேயே பயனரையும் அவருடைய வேலையையும் அறிவது, உண்மையான ஆட்களை வைத்து அளந்து பார்ப்பது, கண்டதைத் திருத்தி மறுபடி அளப்பது. மனிதரை மையமாக வைத்து வடிவமைப்பதற்கான இன்றைய சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9241-210உம் (முதலில் 2010, திருத்தம் 2019) இதே சுழற்சியைத்தான் கேட்கிறது.

நடைமுறையில், எதுவும் வரையும் முன் 4 முதல் 6 பேரை அவர்கள் வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். திரைகளைத் தாளில் வரைந்த மாதிரி தயாரானதும் 5 பேர். சொடுக்கினால் நகரும் மாதிரி தயாரானதும் வேறு 5 பேர். வெளியிடுவதற்குச் சில வாரங்கள் முன்பு இன்னொரு 5 பேர். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் மட்டும் அழைத்தால், கண்ட பெரிய குறைகளைத் திருத்த நேரம் இருக்காது. பட்டன் நிறத்தையும் சில சொற்களையும் மாற்றிவிட்டு மீதியை "அடுத்த பதிப்பு" என்று எழுதி வைக்க நேரிடும்.

யாரை அழைக்க வேண்டும்?

முதலில் ஒரு வேறுபாடு: வாங்குகிறவர், மேற்பார்வை பார்க்கிறவர், பயன்படுத்துகிறவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். கிடங்கு மேலாளரிடம் கேட்டால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வார். பெட்டி தூக்குகிறவர்தான் அது எப்படி நடக்கிறது என்று காட்டுவார். மேலாளரிடமும் பேசுங்கள், ஆனால் இவருக்குப் பதிலாக அவரைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தேர்வுக்கு 6 முதல் 8 கேள்விகள் கொண்ட ஒரு சிறு படிவம் போதும். வயது, படிப்பு என்று தொடங்குவது பழக்கமாகிவிட்டது. அதைவிடச் செய்கையைக் கேட்பது பயன் தரும். "நீங்கள் இணையத்தில் பணம் செலுத்துவீர்களா?" என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள். "கடந்த 30 நாளில் எத்தனை முறை செலுத்தினீர்கள்? கடைசியாகச் செலுத்தியது எதற்கு?" என்று கேட்டால் உண்மை வரும். எந்தப் பதில் சொன்னால் தேர்வாகலாம் என்று ஊகிக்க முடியாதபடி விடைகளைக் கலந்து கொடுங்கள்.

சேர்க்கக் கூடாதவர்கள்: குழுவில் இருப்பவரின் உறவினர், அதே நிறுவன ஊழியர் (அமைப்பே அவர்களுக்கானதாக இருந்தாலன்றி), வடிவமைப்புத் துறையில் வேலை செய்பவர். அவசியம் சேர்க்க வேண்டியவர்கள்: பயன்படுத்திவிட்டு விட்டுவிட்டவர், நேற்றுத்தான் வேலையில் சேர்ந்தவர், வேறொருவர் துணையோடு மட்டும் பயன்படுத்துகிறவர். இவர்கள் எந்தக் கருத்துக்கணிப்பிலும் சிக்குவதில்லை. ஆனால் பெரிய குறைகள் இவர்களிடம்தான் வெளிப்படுகின்றன.

5 பேர் தேவையென்றால் 7 பேருக்குச் சொல்லி வையுங்கள். முந்தின நாளும் அன்று காலையும் நினைவூட்டுங்கள். ஒருவராவது வராமல் போவது வழக்கம்.

எத்தனை பேர் போதும்? "5 பேர் போதும்" என்கிறார்களே, அது சரியா?

ஒரு நிபந்தனையோடு சரி. யாக்கோப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு குறையில் ஒரு பயனர் மாட்டும் வாய்ப்பு சராசரியாக 31%. அப்படியானால் 5 பேரிடம் ஏறத்தாழ 84% குறைகள் ஒருமுறையாவது வெளிப்பட்டுவிடும். கணக்கு எளிது: ஒருவர் மாட்டாமல் போகும் வாய்ப்பு 0.69, அதை ஐந்து முறை பெருக்கினால் 0.156.

அந்த 31% எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பத்தில் ஒருவர் மட்டும் மாட்டும் குறையென்றால், 5 பேரை வைத்து அதைக் காணும் வாய்ப்பு வெறும் 41%. 85% உறுதி வேண்டுமானால் 18 பேர் தேவை. பணத்தையோ உயிரையோ தொடும் அமைப்புகளில் பத்தில் ஒருவர் மாட்டும் குறையும் பெரிய குறைதான்.

ஆகவே 15 பேருக்கு வசதி இருந்தால் ஒரே மூச்சில் 15 பேரையும் பார்க்காதீர்கள். 5 பேரைப் பார்த்து, திருத்தி, மறுபடி 5 பேரைப் பாருங்கள். முதல் குறையிலேயே எல்லோரும் மாட்டிக்கொண்டால், அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் குறை யார் கண்ணிலும் படாது. முன்னதைத் திருத்திய பிறகுதான் அது தெரியவரும்.

பயனர் வகைகள் வேறுபட்டால் (மருத்துவர், நோயாளி என்பதுபோல்) ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக 4 அல்லது 5 பேர். இந்த எண்ணிக்கை குறைகளைக் கண்டுபிடிக்க மட்டும். விழுக்காடு சொல்வதற்கு அல்ல. 5க்கு 5 பேர் ஒரு வேலையை முடித்தாலும், 95% நம்பக இடைவெளியின் (எல்லாப் பயனர்களிலும் உண்மையான வெற்றி விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) கீழ் எல்லை 48% வரை இறங்கும். "100% வெற்றி" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

பேட்டியில் என்ன கேட்க வேண்டும்?

நடந்ததைக் கேளுங்கள், நடக்கப்போவதைக் கேட்காதீர்கள். "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்விக்கு வரும் ஆம் என்பது பெரும்பாலும் மரியாதை. "கடைசியாக இந்த வேலையைச் செய்தது எப்போது? முதலில் என்ன செய்தீர்கள்? அடுத்து? எங்கே நின்றது? அப்போது யாரிடம் கேட்டீர்கள்?" என்று ஒரு குறிப்பிட்ட நாளைப் பிடித்துக்கொண்டு நடந்தால், பொதுவாகப் பேசும்போது விட்டுவிடுகிற படிகள் எல்லாம் வரும். கூடுமானால் அவர் பயன்படுத்தும் உண்மையான தாள், நோட்டு, திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

பரிசோதனை அமர்வைப் படிப்படியாக எப்படி நடத்துவது?

ஓர் ஆளுக்கு 60 நிமிடம். ஒரு நாளைக்கு 4 அல்லது 5 பேருக்கு மேல் வேண்டாம். நடத்துகிறவரின் கவனம் சிதறிவிடும். நடத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். அறைக்குள் வேறு யாரும், குறிப்பாகப் பயனரின் மேலதிகாரி, இருக்கக் கூடாது. குழுவில் மற்றவர்கள் பார்க்க விரும்பினால் வேறு அறையில் திரையில் பார்க்கட்டும். பார்ப்பது அவர்களுக்கு மிகவும் நல்லது.

முந்தின நாள் ஒருவரை வைத்து முழு ஒத்திகை பாருங்கள். பணிச்சீட்டில் (பயனர் செய்ய வேண்டிய பணிகளை எழுதிய தாள்) எழுத்துப் பிழை, வேலை செய்யாத இணைப்பு, 35 நிமிடத்துக்கு அடங்காத பணிகள் எல்லாம் அங்கேயே பிடிபட வேண்டும்.

முதல் 5 நிமிடம் விளக்கம். இந்த வாக்கியங்களை எழுதி வைத்துப் படிப்பதே நல்லது: "நாங்கள் சோதிப்பது இந்தத் திரையைத்தான், உங்களை அல்ல. எங்கேயாவது தடுக்கினால் அது இதன் குறை. மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்." அடுத்த 10 நிமிடம் அவருடைய வேலையைப் பற்றிப் பேச்சு. பிறகு 35 நிமிடம் பணிகள், 5 அல்லது 6க்கு மேல் போகாமல். கடைசி 10 நிமிடம் கேள்விகள்.

பணிகளை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். திரையில் "முகவரி மாற்றம்" என்று பட்டன் இருக்கும்போது, பணிச்சீட்டிலும் "முகவரியை மாற்றுங்கள்" என்று எழுதினால் அது சொல் தேடும் விளையாட்டாகிவிடும். "நீங்கள் போன வாரம் வீடு மாறினீர்கள். அடுத்த பில் புது வீட்டுக்கு வர வேண்டும்" என்று எழுதுங்கள். இலக்கைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள்.

அவர் தடுமாறும்போது உதவக் கை பரபரக்கும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். "இதை அழுத்தலாமா?" என்று கேட்டால் "அழுத்தினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் சுற்றினால், "இதுவரை பார்த்ததே எங்களுக்குப் போதும்" என்று சொல்லி அடுத்த பணிக்குப் போங்கள். அவரைத் தோற்றதாக உணர விடக் கூடாது.

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் வேகம் குறையும். அதனால் நேரத்தை அளக்கும் அமர்வில் அதைக் கேட்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் இரண்டு தகவலும் கெடும்.

குறிப்புத் தாளில் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: அவர் செய்தது, அவர் சொன்னது, நாம் ஊகிப்பது. மூன்றாவதை மற்ற இரண்டோடு கலந்து எழுதுவதால்தான் "பயனர்களுக்கு இது பிடிக்கவில்லை" என்பது போன்ற ஆதாரமில்லாத வரிகள் அறிக்கையில் ஏறுகின்றன. ஒருவர் போனதும் 15 நிமிடம் உட்கார்ந்து முக்கியமான மூன்றை எழுதிவிட்டு அடுத்தவரை அழையுங்கள். மாலைவரை தள்ளிப்போட்டால் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் கலந்துவிடுவார்கள்.

மாதிரி எவ்வளவு முழுமையாக இருக்க வேண்டும்?

கேள்விக்கு விடை கிடைக்கும் அளவுக்கு மட்டும். பளபளப்பாக இருந்தால் ஆட்கள் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றிப் பேசுவார்கள். "இவ்வளவு உழைத்திருக்கிறார்களே" என்று பெரிய குறையைச் சொல்லத் தயங்குவார்கள். கையால் வரைந்த தாளைக் கிழித்துப்போடச் சொல்ல யாருக்கும் கூச்சம் இல்லை.

1981இல் தொடங்கிய யுடோப்பியா என்ற திட்டத்தில், ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் செய்தித்தாள் பக்கம் அமைக்கும் கணினிக் கருவிகளைச் சேர்ந்து வடிவமைத்தார்கள். அப்போது அத்தகைய கருவிகள் பெரும்பாலும் கைக்குக் கிடைக்கவில்லை. அட்டைப்பெட்டியை லேசர் அச்சுப்பொறியாக வைத்துக்கொண்டு வேலையை நடித்துப் பார்த்தார்கள். பாம் பைலட் கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி அதையே நாள்தோறும் எடுத்துக்கொண்டு போய்ப் பயன்படுத்துவதுபோலப் பாவித்தார். அளவு சரியா, எப்போதெல்லாம் கை அதைத் தேடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் மரத்துண்டே போதுமானதாக இருந்தது.

தாள் மாதிரிக்கு: ஒவ்வொரு திரைக்கும் ஒரு தாள், கீழே விரியும் பட்டியல்களுக்குத் தனிச் சீட்டுகள், ஒருவர் "கணினி"யாக உட்கார்ந்து பயனர் விரல் வைத்ததற்கேற்பத் தாளை மாற்றுவார். கணினியாக இருப்பவர் பேசக் கூடாது. எடை, வேகம், கை நடுக்கம், வெயிலில் திரை தெரிவது போன்றவற்றைத் தாளில் சோதிக்க முடியாது. அதற்கு உண்மையான கருவியும் உண்மையான இடமும் வேண்டும்.

கூட்டு வடிவமைப்புப் பட்டறை எப்படி நடத்துவது?

6 முதல் 10 பேர், இரண்டு மேசை, இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு மேசையிலும் பயனர்கள் பாதிக்கு மேல் இருக்கட்டும். பெரிய தாள்கள், கத்தரிக்கோல், ஒட்டும் சீட்டு, தடித்த மார்க்கர். மெல்லிய பேனா வேண்டாம்: அதை எடுத்ததும் வரையத் தெரிந்தவர் நுணுக்கமாக வரையத் தொடங்குவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று தொடங்கினால் ஆசைப் பட்டியல்தான் வரும். நேற்று நடந்த ஓர் உண்மையான வேலையை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை சீட்டுகளில் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எரிச்சல் தரும் இடங்களில் சிவப்புச் சீட்டு. எந்த இடத்தில் சிவப்பு குவிகிறதோ அங்கே வடிவமைக்கத் தொடங்குங்கள். எதையும் கலந்து பேசும் முன் ஒவ்வொருவரும் தனியாக 8 நிமிடம் எழுதட்டும். இந்த 8 நிமிடத்தைத் தவிர்த்தால், மூத்தவர் வாய் திறந்ததும் மற்றவர்கள் கருத்து அதன் பின்னால் போய்விடும். பதவி வேறுபாடு அதிகமென்றால் இரண்டு தனிப் பட்டறைகள் வைப்பதே மேல்.

குழுவின் தொழில்நுட்பச் சொற்களை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பயனர்கள் தங்கள் வேலைக்கு வைத்திருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பட்டன்களுக்கு அவைதான் சரியான பெயர்கள். முடிவில், எந்த யோசனையை யார் எப்போதுக்குள் பரிசீலிப்பார்கள் என்பதை எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். ஏற்காததற்கும் ஒரு வரியில் காரணம் சொல்லுங்கள்.

பயனர்கள் கேட்டதையெல்லாம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அவர்கள் தரும் தீர்வை விட, அந்தத் தீர்வைக் கேட்க வைத்த தொல்லை மதிப்புள்ளது. "எல்லாவற்றையும் எக்செலுக்கு ஏற்றும் பட்டன் வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், "ஏற்றிய பிறகு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு மாத எண்களை ஒப்பிடத்தான் என்றால், ஒப்பிடும் வசதியைத் திரையிலேயே கொடுக்கலாம்.

அதே நேரம், பயனரே கண்டுபிடித்த தீர்வுகளை அலட்சியப்படுத்தாதீர்கள். மற்றவர்களுக்கு நாளை வரப்போகும் தேவை இன்றே வந்துவிட்ட, அதற்குத் தாங்களாகவே ஒரு வழி செய்துகொண்ட ஆட்களை "முன்னோடிப் பயனர்கள்" என்று எரிக் வான் ஹிப்பல் 1986இல் பெயரிட்டார். கருவியில் டேப் ஒட்டியிருப்பவர், தானே ஒரு கணக்குத்தாள் எழுதி வைத்திருப்பவர், பிடியை மாற்றிக்கொண்டவர் போன்றவர்களைத் தேடிப்பிடியுங்கள்.

ஆளுக்கொன்று சொன்னால் என்ன செய்வது?

சொன்னதை எண்ணாமல், செய்ததைப் பாருங்கள். கருத்தில் மோதுகிறவர்கள் பல நேரம் ஒரே இடத்தில்தான் தடுக்கியிருப்பார்கள். உண்மையாகவே வேலை வேறுபட்டால் (தினம் 200 முறை செய்பவரும் ஆண்டுக்கு ஒருமுறை செய்பவரும்), ஒரே திரையில் இருவரையும் திருப்திப்படுத்த முயலாமல் இரண்டு வழிகள் கொடுங்கள். வாக்கெடுப்பு வேண்டாம், சிறுபான்மையாக இருப்பவருக்குத்தான் பெரும்பாலும் தொல்லை அதிகம்.

குறைகளை வரிசைப்படுத்த மூன்று கேள்விகள் போதும்: வேலையை அடியோடு நிறுத்துகிறதா, எத்தனை பேர் மாட்டினார்கள், மாட்டினால் தானாகவே மீள முடிகிறதா. ஒருவர் மட்டுமே மாட்டினாலும், தெரியாமல் தவறான கணக்குக்குப் பணம் போனால் அது பட்டியலின் தலையில் இருக்க வேண்டும்.

முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

தனியாக, கடைசியில் என்று வைக்காதீர்கள். முதல் சுற்றிலேயே 5 பேரில் ஒருவராவது இருக்கட்டும். 1990இல் வந்த ஆக்ஸோ குட் கிரிப்ஸ் சமையல் கருவிகளின் தொடக்கம், மூட்டுவாதம் இருந்த பெட்ஸி ஃபார்பரால் தோலுரிக்கும் கருவியைப் பிடிக்க முடியாமல் போனதுதான். அவருடைய கணவர் சாம் ஃபார்பர் தடித்த, மென்மையான ரப்பர் பிடி வைத்துக் கருவிகளைக் கொண்டுவந்தார். எல்லாக் கைகளுக்கும் அது சுகமாக இருந்தது.

அமர்வு நேரத்தை 90 நிமிடமாக்குங்கள், பணிகளைக் குறையுங்கள். திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர் தன் சொந்தக் கருவியிலேயே, தன் அமைப்புகளோடு செய்யட்டும். திரைவாசிப்பான் பேசும்போது வாய்விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். பணி முடிந்ததும் கேளுங்கள். படிப்பறிவு குறைந்தவருக்குப் பணிச்சீட்டை நீட்டாமல் வாயால் சொல்லுங்கள். துணைக்கு வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேசுங்கள்.

ஊதியம், ஒப்புதல்?

நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பாதியில் எழுந்து போனாலும் முழுத் தொகை. ஒப்புதல் தாளில் என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்ற மூன்றும் எளிய மொழியில், ஒரு பக்கத்துக்குள். முகம் தேவையில்லை என்றால் திரையையும் குரலையும் மட்டும் பதிவு செய்யுங்கள். ஊழியர்களைச் சோதிக்கும்போது யார் எங்கே தவறினார் என்பது நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. இந்த உறுதியை எழுத்தில் கொடுத்தால்தான் அவர்கள் உள்ளதைச் செய்து காட்டுவார்கள்.

நேரமும் பணமும் இல்லையென்றால்?

இரண்டு நாள் போதும். முதல் நாள் காலை ஒத்திகை, மதியம் இரண்டு பேர். அடுத்த நாள் காலை மூன்று பேர், மதியம் பதிவுகளைப் பார்க்காமல் குறிப்புகளை மட்டும் வைத்து முக்கியமான 5 குறைகளைத் தேர்ந்து, எதை இந்த வாரம் திருத்துவது என்று முடிவு. நீண்ட அறிக்கை எழுத வேண்டாம். குறை, பார்த்த ஆட்களின் எண்ணிக்கை, திருத்துபவர் பெயர் கொண்ட ஒரு பக்கம் போதும். குழுவை நம்பவைக்க அறிக்கையை விட, பயனர் தடுமாறும் ஒரு நிமிடக் காட்சிக்குப் பலம் அதிகம் (அவருடைய ஒப்புதலோடு).

முன்னேறியிருக்கிறோமா என்று எப்படி அளப்பது?

மூன்று எண்கள்: பணியை உதவியின்றி முடித்தவர் எத்தனை பேர், எடுத்த நேரம், செய்த பிழைகள். இவற்றோடு ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்.யு.எஸ். என்ற, பயன்படுத்த எளிதா என்று கேட்கும் 10 வாக்கிய வினாத்தாளைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படை வாக்கியங்களில் மதிப்பிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். எல்லா ஒற்றைப்படைக்கும் 4, இரட்டைப்படைக்கும் 2 கொடுத்தவரின் மதிப்பெண் 75. சராசரி 68 என்று கொள்வது வழக்கம். இதை விழுக்காடாக நினைத்துவிடாதீர்கள். எங்கே கோளாறு என்பதையும் இது சொல்லாது. முன்பைவிட மேலா என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். தமிழில் கொடுத்தால், எதிர்மறை வாக்கியங்கள் புரிகின்றனவா என்று முதலில் 3 பேரிடம் படித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப அழைக்கலாமா?

முடிவெடுக்கும் கூட்டங்களுக்கு அழைக்கலாம். பழகிய முகங்கள் துணிந்து பேசும். பரிசோதனைக்கு வேண்டாம். இரண்டாவது முறை வருபவருக்குத் திரை ஏற்கெனவே தெரியும், குழுவின் சொற்களும் வாயில் ஏறியிருக்கும். "மாட்யூல்", "வர்க்ஃப்ளோ" என்று அவர் பேசத் தொடங்கினால் புதியவர்களின் இடத்தை அவரால் நிரப்ப முடியாது. நிலையான பயனர் குழு வைத்திருந்தால் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினரை மாற்றுங்கள். விலகுகிறவர்களுக்கு, அவர்கள் சொன்னவற்றில் எவை தயாரிப்பில் சேர்ந்தன என்று ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள்.